பாட்டுரிமையும் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் மறுவாழ்வும் – ஒரு வரலாற்று நோக்கு

மருதமுனை தொடக்கம் பொத்துவில் ஈறாக நீளும் அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களிலே, 1970களின் இறுதிவரை படம் பார்ப்பதென்பது கொட்டகைக்குச் சென்று பார்ப்பதாகவே இருந்தது. 1977ஆம் ஆண்டின் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தமையும் அரபு நாடுகளிலே தொழில்வாய்ப்புப் பெருகியமையும் இந்நிலையை மாற்றின. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்பிரல் 13ஆம் நாளிலும், ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் நாளிலும் தத்தம் ஒளிபரப்பைத் தொடங்கின. சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் திரும்பியோர் கொண்டுவந்த பொருள்களுள், பேச்சு வழக்கிலே 'டெக்' எனப்பட்ட ஒளிநாடாக் கருவியும் ஒன்று. அக்கருவி வந்த வீட்டிலே, வாடகைக்கு எடுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் சினிமாக் கசெற்றுகளைத் தவிர, வீட்டோடு தங்கும் கசெற்றுகள் இரு வகையாகச் சேர்ந்தன. தொலைக்காட்சியிற் போவதைப் பதிந்து வைத்தவை ஒரு வகை; கலியாண வீடியோ மற்றொரு வகை. நிக்காஹ் காட்சிக்கு நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாடலொன்றும், மாப்பிள்ளை வருகைக்கும் விருந்துக்கும் சினிமாப் பாடல்களும் பின்னணியாகச் சேர்க்கப்பட்டன. அப்பாடல்கள் எவருக்கோ உரியவை, அவரிடம் அனுமதி கேட்டல் வேண்டும் என்னும் எண்ணம் படம் பிடித்தவருக்கும் எழவில்லை, வீட்டுக்காரருக்கும் எழவில்லை.

இது கல்முனைக் கரைக்கு மட்டும் உரிய கவனயீனமன்று. சட்ட வல்லுநர் பலரைச் சம்பளத்துக்கு வைத்திருந்த அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்களும் ஏறக்குறைய இதே தவற்றினைச் செய்தன என்பது வியப்புக்குரியது. அவை அனுமதி கேட்கத்தான் செய்தன. ஆயின் ஒளிபரப்புக்கு மட்டுமே கேட்டன. ஒளிபரப்பிய நிகழ்ச்சியை ஒருவர் கடையிலே விலைகொடுத்து வாங்கித் தம் வீட்டு அலுமாரியில் வைத்துக்கொள்ளும் காலமொன்று வரும் என அவை கருதவில்லை. அக்காலம் வந்தபோது சில நிகழ்ச்சிகள் சிதைந்து வெளிவந்தன. சில நெடுங்காலம் வெளிவரவேயில்லை. அதன் காரணங்களை ஆராயுமிடத்து, பழைய நிகழ்ச்சிகளின் மறுவாழ்வைத் தீர்மானித்தது அவற்றின் தரமன்று, அவற்றினுள்ளே ஒலித்த பாட்டுகளுக்கு எழுதப்பட்ட ஒப்பந்தங்களின் வாசகமே என்பது புலனாகின்றது.

பதிவு செய்யப்பட்ட பாடலொன்றிலே சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு சொத்துகள் உள. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் இயற்றிய ஆக்கம் ஒன்று. குறித்த பாடகர் பாட, குறித்த கொம்பனி பதிந்த ஒலிப்பதிவு மற்றொன்று. முன்னையது பெரும்பாலும் இசை வெளியீட்டாளர் கையிலும், பின்னையது இசைத்தட்டுக் கொம்பனியின் கையிலும் இருக்கும். படத்தோடு பாட்டை இணைக்க விரும்புவோர் இரு சாராரிடமும் உரிமம் பெறல் வேண்டும். ஒரு பாடலை மூவர் கூடி இயற்றி, மூவரும் தத்தம் பங்கை வெவ்வேறு வெளியீட்டாளரிடம் ஒப்படைத்திருப்பின், தட்ட வேண்டிய கதவுகளும் அதற்கேற்பப் பெருகும். எந்த ஊடகத்துக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்நாடுகளுக்கு என உரிமத்துக்கு எல்லைகளும் உண்டு. எல்லை விரிய விலை ஏறும். ஆகவே சில ஆண்டுகளின் ஒளிபரப்புக்கு மட்டும் உரிமம் வாங்கிய தயாரிப்பாளரைச் சிக்கனக்காரர் எனலாமேயன்றி மூடர் எனல் பொருந்தாது. பாடலை வானொலியில் ஒலிபரப்புவதற்கும் மண்டபங்களில் இசைப்பதற்கும் இசைஞர் சங்கங்கள் மொத்தமாக உரிமம் வழங்கும் வழக்கம் உண்டு. படத்தோடு பாட்டை இணைப்பதற்கோ அத்தகைய பொது விலை கிடையாது. உரிமையாளர் கேட்பதே விலை. மறுப்பதற்கும் அவருக்கு அதிகாரம் உண்டு.

உரிமம் பற்றிய பிணக்கு கேட்போர் செவிவரை வந்து தாக்கும் என்பதை இலங்கை மக்கள் தொலைக்காட்சிக்கு முன்னரே கண்டிருந்தனர்; எனினும் அன்று அது அவர்களுக்கு ஆதாயமாகவே அமைந்தது. 1952இல் பி. வி. கேஸ்கர் இந்தியாவின் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். திரையிசையை அவர் விரும்பியவரல்லர். பாடலை அறிவிக்கும்போது படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் எனக் கருதி இந்திய வானொலி அதனை நிறுத்தவே, தயாரிப்பாளர்கள் தாம் வழங்கியிருந்த உரிமங்களை மீட்டுக்கொண்டனர். அந்நாட்டு வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு மறைந்தது. 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலி அவ்விடத்தை நிரப்பிற்று. 1957 ஒக்டோபர் 3ஆம் நாள் இந்திய வானொலி 'விவித் பாரதி'யைத் தொடங்கிய போதிலும், கொழும்பின் பக்கம் திரும்பிய முள்ளை அது உடனே திருப்பிவிடவில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு ஈண்டு மனங்கொளத்தக்கது. வானொலியில் ஒலித்த பாட்டு அந்நேரத்தோடு காற்றிற் கலந்து போயிற்று. உரிமம் மீண்டதும் வழக்கம்போல ஒலித்தது. நிகழ்ச்சியொன்றின் காட்சியோடு ஒட்டிய பாட்டோ அத்தகையதன்று. உரிமம் போனால் அது காட்சியையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

வீட்டு ஒளிநாடாக் கருவிகளுள் 'பீட்டாமாக்ஸ்' 1975இலும் 'வீ.எச்.எஸ்.' 1976இலும் ஜப்பானிலே விற்பனைக்கு வந்தன. திரைப்படங்கள் விரைவிலேயே கசெற்றாக விற்கப்பட்டன. தொலைக்காட்சித் தொடர்களின் நிலை வேறு. ஓராண்டில் இருபதுக்கு மேற்பட்ட பகுதிகளாக ஒளிபரப்பாகும் தொடரைக் கசெற்றிலே அடக்க ஒரு தட்டு முழுவதும் வேண்டும். அதனை யார் வாங்குவர்? 1996இல் ஜப்பானிலும் 1997இல் அமெரிக்காவிலும் அறிமுகமான டி.வி.டி. தட்டு இக்கணக்கை மாற்றியது. 2000ஆம் ஆண்டில் 'தி எக்ஸ் பைல்ஸ்' தொடரின் முதலாம் ஆண்டுப் பகுதிகள் ஒரே பெட்டியாக வெளிவந்து நன்கு விற்றன. அதன் பின்னரே பழைய தொடர்களின் மீது விற்பனையாளர் கண் விழுந்தது. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒப்பந்தங்கள் மீளப் படிக்கப்பட்டன.

அவ்வொப்பந்தங்களை எவ்வாறு பொருள்கொள்வதென அமெரிக்க நீதிமன்றங்கள் முன்னரே வழிகாட்டியிருந்தன. அவற்றுள் திரைப்படம் பற்றிய இரண்டு வழக்குகள் இத்துறையின் திருப்புமுனைகள் எனலாம். 1973இல் வெளிவந்த 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்திலே பழைய பாடல்கள் பல இடம்பெற்றன. படம் கசெற்றாக வெளிவந்தபோது, அவற்றுட் சிலவற்றின் ஒலிப்பதிவுக்கு உரிமை கொண்ட கொம்பனி வழக்குத் தொடர்ந்தது. ஒப்பந்தத்திலோ, இப்போது அறியப்பட்டனவும் இனி அறியப்படப் போவனவுமாகிய எல்லா வழிகளிலும் படத்தைக் காட்டலாம் எனும் கருத்துப்பட எழுதப்பட்டிருந்தது. ஆகவே 1983இல் படத்தயாரிப்பாளர் வென்றனர். 'மீடியம் கூல்' என்னும் 1969ஆம் ஆண்டுப் படத்திலும் பாடலொன்று இருந்தது. அதற்கான உரிமம் திரையரங்கையும் தொலைக்காட்சியையும் குறிப்பிட்டிருந்தது; இனி வருவன பற்றி எதுவும் கூறவில்லை. கசெற்றும் தொலைக்காட்சிப் பெட்டியினூடாகவே பார்க்கப்படுகின்றதே எனப் பரமவுண்ட் கொம்பனி வாதிட்டது. 1988இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஒளிபரப்பிலே காட்டுவோர் எதனைக் காட்டுவதெனத் தீர்மானிக்கின்றனர். கசெற்றிலே பார்ப்போர் தீர்மானிக்கின்றனர். இவை இரண்டும் ஒன்றல்ல. உரிமம் எழுதப்பட்ட வேளையில் வீட்டுக் கருவி பொதுமக்கள் அறிந்த ஒன்றுமன்று என்பது தீர்ப்பின் சாரம். ஒரே காலத்தை அடுத்தடுத்துச் சேர்ந்த இரு படங்களின் தலைவிதியும் ஒரு சொற்றொடரில் வேறாயின.

இதன் விளைவை மிகத் தெளிவாகக் காட்டுவது 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' என்னும் நகைச்சுவைத் தொடராகும். 1978 முதல் 1982 வரை ஒளிபரப்பான இத்தொடரின் களம் ஒரு வானொலி நிலையம். எனவே அக்காலத்து உண்மையான இசைத்தட்டுகளே அங்கு சுழன்றன. படச்சுருளில் எடுக்கும் நிகழ்ச்சியைவிட ஒளிநாடாவில் எடுக்கும் நிகழ்ச்சிக்குப் பாட்டுரிமம் மலிவாக இருந்தமையால் தொடர் ஒளிநாடாவில் எடுக்கப்பட்டது. உரிமங்கள் காலாவதியானதும் மறுஒளிபரப்புக்கெனப் பாட்டுகளை நீக்கிப் பெயரற்ற இசையை நிரப்பினர். பின்னணியிற் பாட்டு ஒலிக்க நடிகர் பேசிய சில இடங்களிலே இரண்டையும் பிரிக்க இயலாமையால், பேச்சையும் வேறு குரலாற் பதிந்து சேர்த்தனர். 2007இல் முதலாம் ஆண்டுப் பகுதிகள் டி.வி.டி.யாக வந்தபோதும் பாட்டுகள் பல மாற்றப்பட்டிருந்தன. சுழலும் இசைத்தட்டில் நாய் குரைப்பது கேட்டு நிலைய முகாமையாளர் விசாரிக்கும் நகைச்சுவைக் காட்சியொன்று உண்டு. அத்தட்டு பிங்க் ஃபுளொய்ட் குழுவினருடையது. நாய் குரைக்கும் பாட்டை நீக்கிய பின் அந்த விசாரணைக்குப் பொருளேது? 2014இல் மற்றொரு நிறுவனம் பெரும்பாலான பாடல்களுக்கு மீள உரிமம் பெற்று முழுத் தொடரையும் வெளியிட்டது. ஒளிபரப்பு முடிந்து முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னரே தொடர் தன் பழைய உருவத்தைப் பெருமளவு மீளப் பெற்றது.

நகைச்சுவைத் தொடரொன்று சிதைவது வருந்தத்தக்கதே, ஆயினும் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றுப் பதிவு பூட்டப்படுவது அத்தகையதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்தை எடுத்துரைக்கும் 'ஐஸ் ஒன் த பிறைஸ்' என்னும் விவரணத் தொடரை ஹென்றி ஹம்ப்ரன் தயாரித்தார். 1987இல் ஆறு பகுதிகளும், 1990இல் மேலும் எட்டுப் பகுதிகளும் பொதுத் தொலைக்காட்சியில் வெளிவந்தன. தேவாலயங்களிலும் சிறைகளிலும் ஊர்வலங்களிலும் பாடிக்கொண்டே நடத்தப்பட்ட போராட்டத்தைப் பாட்டின்றிக் காட்டுதல் இயலுமா? செய்திப் படத்துண்டுகள், புகைப்படங்கள், பாடல்கள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமம் வேண்டியிருந்தது. பணமுடை காரணமாகப் பலவற்றுக்குக் குறுகிய கால உரிமமே பெறப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் அவை காலாவதியாகின. அதன் பின் அத்தொடரை ஒளிபரப்பவோ புதிதாக விற்கவோ சட்டம் இடந்தரவில்லை. பாடசாலைகளும் நூலகங்களும் கைவசமிருந்த பழைய கசெற்றுகளையே திரும்பத் திரும்ப ஓடவிட்டன. ஹம்ப்ரன் 1998இல் காலமானார். ஃபோர்ட் அறநிறுவனம் 600,000 டொலரும் றிச்சர்ட் கில்டர் என்பார் 250,000 டொலரும் நல்கிய பின்னரே உரிமங்களைப் புதுப்பிக்க வழி பிறந்தது. 2006 ஒக்டோபரில் தொடர் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. மார்ட்டின் லூதர் கிங்குக்கு அவர்தம் தோழர்கள் பிறந்தநாள் வாழ்த்துப் பாடும் காட்சியும் அதில் உண்டு. உலகெங்கும் குழந்தைகள் பாடும் அவ்வாழ்த்துப் பாட்டுக்கும் அந்நாளில் ஓர் இசைக் கொம்பனி உரிமை கோரிப் பணம் பெற்று வந்தது. அக்கோரிக்கை செல்லாது என 2015இல் நீதிமன்றம் தீர்த்தது. 2016இல் 14 மில்லியன் டொலர் செலுத்தும் இணக்கத்தோடு வழக்கு முடிந்தது. உரிமை என எழுதிவைத்த எல்லாம் உரிமையாகிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று தேவையில்லை.

1988 முதல் 1993 வரை ஒளிபரப்பான 'த வொண்டர் இயர்ஸ்' தொடர் 1960களின் பாடல்களாலேயே நெய்யப்பட்டது. நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு உரிமம் தேட வேண்டியிருந்தமையால் முழுத் தொகுதி 2014 வரை வெளிவரவில்லை.

இந்திய அனுபவம் சற்று வேறானது. தூரதர்ஷனில் 1987இல் தொடங்கிய ராமாயணத்துக்கு ரவீந்திர ஜெயினும், 1988இல் தொடங்கிய மகாபாரதத்துக்கு ராஜ்கமலும், 1986இன் மால்குடி நாட்களுக்கு எல். வைத்தியநாதனும் அந்தந்தத் தொடருக்கெனவே இசையமைத்தனர். கடன்வாங்கிய பாட்டுகளால் ஆகாமையால் இவை கசெற்றாகவும் தட்டாகவும் தடையின்றி மாறின. 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது ராமாயணமும் மகாபாரதமும் மீண்டும் ஒளிபரப்பாயின. 1975 ஓகஸ்ட் 15இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் 'ஒளியும் ஒலியும்' இதற்கு நேர்மாறானது. திரைப்படப் பாடற் காட்சிகளைக் கோத்து வெள்ளிதோறும் காட்டிய அந்நிகழ்ச்சியில் அதற்கே உரியதென எடுத்துவைக்கத்தக்கது மிகச் சிறிதே. அதனை ஒளிபரப்பியவாறே மீளவெளியிட முனைவோர் ஒவ்வொரு பாட்டுக்கும் வேறொரு வாசலில் நிற்றல் வேண்டும்.

அவ்வாசலில் இருப்பவர் யார் என்பதும் இந்தியாவிலே நெடுங்காலம் தெளிவற்றிருந்தது. படத்துக்கென இயற்றப்பட்ட பாட்டின் முதல் உரிமையாளர், வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, தயாரிப்பாளரே என 1977இல் இந்திய உயர் நீதிமன்றம் தீர்த்தது. அத்தீர்ப்போடு இசைந்த நீதியரசர் கிருஷ்ணையரே இசைஞர்க்குச் சட்டம் போதிய இடமளிக்கவில்லை எனத் தனிக் குறிப்பொன்று எழுதினார் என்பது நினைவுகொள்ளத்தக்கது. அவர் கூறியதைச் சட்டமன்றம் செவிமடுக்க முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர்ந்த ஏனைய பயன்பாடுகளில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பெறும் சம பங்கை எவ்வுடன்படிக்கையாலும் பறிக்க இயலாதவாறு செய்தது. ஒப்பந்த வேளையில் இல்லாத ஊடகத்துக்கான உரிமை, வெளிப்படையாகக் குறிப்பிட்டாலன்றிக் கைமாறாது எனவும் அது விதித்தது. 1988இன் அமெரிக்கத் தீர்ப்பு கருத்திற்கொண்டதையே இந்தியச் சட்டம் எழுத்திலே அமைத்தது எனலாம். 2012க்கு முந்திய தாள்களுக்குப் பொருள் காணும் வேலையோ நீதிமன்றங்களிடமே எஞ்சியுள்ளது. 1991இல் வெளிவந்த 'குணா'வின் பாடலொன்றைப் பயன்படுத்திய 'மஞ்ஞும்மல் போய்ஸ்' என்னும் மலையாளப் படத்தின் தயாரிப்பாளர்க்கு 2024 மே மாதத்திலே இளையராஜா சார்பில் அறிவித்தல் அனுப்பப்பட்டது. உரிமை வைத்திருந்த கொம்பனிகளிடம் தாம் அனுமதி பெற்றதாகத் தயாரிப்பாளர் தரப்புக் கூறியது. இசையமைப்பாளரைப் பேராசைக்காரர் என ஏசுவோர் பலர். அது நியாயமன்று. தம் பாட்டு புதிய கருவி ஒவ்வொன்றிலும் விலைபோவதைக் கண்டு பங்கு கேட்பவர் பிழை செய்பவரல்லர். ஒரே பாட்டுக்குப் பலர் தம்மையே உரிமையாளர் என்பதும், எவரிடம் கேட்டால் முடியும் என்பது கேட்போர்க்குத் தெரியாமையுமே சிக்கலின் வேர்.

இனி இலங்கையை நோக்குவோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியோனின் ஆயுளோடு 70 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை வழங்குகின்றது. ஒலிப்பதிவுக்கும் ஒளிபரப்புக்கும் 50 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் ஒலிப்பதிவின் பாதுகாப்பு 60 ஆண்டுகள். எனவே 1976இல் வெளியான இசைத்தட்டொன்றின் ஒலிப்பதிவுப் பாதுகாப்புக்கு இலங்கைச் சட்டப்படி எல்லை 2026இன் இறுதி. இந்தியச் சட்டப்படி 2036இன் இறுதி. நாகூரில் காவலிலுள்ள ஒலிப்பதிவு நிந்தவூரில் பத்தாண்டுகள் முன்னரே விடுதலை பெறும். ஆயின் பாட்டை இயற்றியோரின் உரிமை இரு கரையிலும் அதனைவிட நெடுங்காலம் நிற்கும். ரூபவாஹினி தன் முதலாண்டில் ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளின் ஒளிபரப்புரிமை 2032இன் இறுதிவரை செல்லும். அவற்றுள் ஒலித்த பாட்டுகளின் கணக்கு வேறு.

களிகம்பு, ரபான் இசை, பெண்கள் வாய்வழி வழங்கிவந்த கவிகள் என்பன இக்கரையோர முஸ்லிம்களின் தனிச்செல்வங்கள். இவற்றை மட்டும் கொண்டமைந்த ஒளிப்பதிவுக்கு எக்கொம்பனியின் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. எனினும் முற்றிலும் கட்டற்றது என்றும் கூறல் இயலாது. நாட்டார் வழக்காறுகளின் வெளிப்பாடுகளை வணிக நோக்கோடோ மரபுச் சூழலுக்குப் புறம்பாகவோ பயன்படுத்துவதற்கு அதிகாரியின் அனுமதி வேண்டுமென மேற்கூறிய சட்டத்தின் 24ஆம் பிரிவு கூறுகின்றது. கவி பாடிய பெண்ணின் அனுமதியை அப்பிரிவு கேட்கவில்லை என்பது தனியே ஆராய வேண்டியதொன்று.

2004 டிசெம்பர் 26இல் எழுந்த கடல், இலங்கையிலே மிகுதியான உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்திலேயே. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடலையொட்டிய குடியிருப்புகள் தரைமட்டமாகின. புகைப்பட ஏடுகளும் கசெற்றுகளும் வீடுகளோடு போயின. கடலுக்குச் சற்றுத் தொலைவிலிருந்த உறவினர் வீடுகளிலே எஞ்சிய கலியாண வீடியோக்கள், இறந்தோர் சிலரின் நடையும் சிரிப்பும் தங்கியுள்ள ஒரே பதிவாயின. அத்தகைய கசெற்றை எண்ணிம வடிவாக்கி, கட்டாரிலும் லண்டனிலும் உள்ள உறவினர் காணட்டும் என யூடியூபில் ஏற்றுவோர், 1969இன் உரிமத்தை எழுதியோர் கண்ட அதே சுவரையே காண்பர். 2007 முதல் அத்தளம் ஏற்றப்படும் ஒலியை உரிமையாளர் தந்த ஒலிப்பதிவுகளோடு பொறியாலேயே ஒப்புநோக்குகின்றது. ஒத்துப்போனால், உரிமையாளரின் விருப்பப்படி விளம்பர வருமானம் அவரிடம் செல்லும். அல்லது படம் தடுக்கப்படும். அல்லது பாட்டு ஒலிக்கும் பகுதியை ஊமையாக்கினாலே படம் தங்கும். இது கலியாண வீடு, இவர்கள் இறந்துவிட்டோர் என்பதைப் பொறி அறியாது.

பெரிய நிறுவனங்களுக்குள்ள வசதியும் இவ்விடத்தில் இல்லை. அவை மூல நாடாவை எடுத்துப் பாட்டை மட்டும் மாற்றலாம். பேச்சையும் புதிதாகப் பதியலாம். கலியாண வீடியோவில் பாட்டைச் சேர்த்தவர், நாடாவின் ஒலிப்பாதையிலே முன்னர் பதிந்திருந்த வீட்டோசையின் மேலேயே அதனைப் பதிந்தார். வாழ்த்தியவர்களின் குரலும், குரவையும், சிறுவர் கூச்சலும் அப்போதே அழிந்துபோயின. பாட்டை நீக்கினால் அதன் அடியில் வேறு ஒலி எதுவும் இல்லை.